மூஞ்சூறும் யானையும்

தண்டையார்பேட்டையில் ராத்திரியானால் சாக்கடை ஓரமாகக் கீச்சுக் கீச்சென்று ஓடுகிறதே மூஞ்சூறு, அது எலியே கிடையாது. முள்ளெலிக்குத்தான் சொந்தம் (அதுவும் பேரில்தான் எலி). கரப்பான், புழு, பூச்சி எல்லாம் தின்னும். நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டால் விரட்டவே வேண்டாம் என்பேன். குட்டிகள் ஒன்றின் வாலடியை ஒன்று கவ்விக்கொண்டு, ரயில் பெட்டி மாதிரி தாய்க்குப் பின்னால் போகும்.

ஆப்பிரிக்காவில் யானை மூஞ்சூறு இருக்கிறது. அதற்கும் நீள மூக்கு, பூச்சிச் சாப்பாடு. அதனால் ரொம்ப காலம் இரண்டையும் ஒரே வரிசையில் வைத்திருந்தார்கள். 1990களில் மரபணுவைப் பார்த்தபோதுதான் கதை மாறியது. அது யானை, கடல்பசு கூட்டமாம்! நம்ம ஊர் மூஞ்சூறு வௌவால், மாடு, திமிங்கலம் இருக்கும் பக்கம். ஆக, பிள்ளையாருக்கு ரத்த சொந்தத்தில் வாகனம் வேண்டுமென்றால் ஆப்பிரிக்காவுக்குத்தான் போக வேண்டும்.

பழக்கமும் வேறு. மூஞ்சூறுக் குட்டி கண் திறக்காமல், மயிரில்லாமல் பிறக்கும். யானை மூஞ்சூறுக் குட்டி கண் திறந்து, மயிரோடு பிறந்து, சீக்கிரமே ஓடத் தொடங்கிவிடும். பெரியவை ஜோடியாக வாழும். சில இனங்கள் தாங்கள் ஓடும் பாதையில் விழும் சருகைத் தள்ளிச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் (எங்கள் தெருவுக்கு நாலு அனுப்பினால் தேவலை). அப்புறம், சோமாலி யானை மூஞ்சூறு என்ற இனம் அரை நூற்றாண்டாக ஆய்வாளர்கள் கண்ணில் படவே இல்லை. ஜிபூட்டி நாட்டில் அது நன்றாகவே வாழ்கிறது என்று 2020இல் அறிவித்தார்கள்.