மூன்று இட்லிக் கணக்கு

கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் எடை பார்க்கும் மிஷினை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அதில் ஏறி நின்றேன். முள்ளை உற்றுப் பார்த்தவர், "எறங்கிட்டு இன்னொரு தடவ ஏறு தம்பி, மிஷின் சரியா காட்டலபோல" என்றார். மிஷினில் பழுது எதுவும் இல்லை. 176 சென்டிமீட்டர் உயரமுள்ள எனக்கு அப்போது எடை 52 கிலோதான். உயரத்துக்கு எடை போதுமா என்று பார்க்கும் பி.எம்.ஐ. கணக்கில் 18.5-க்குக் கீழே இருந்தாலே எடைக் குறைவு என்பார்கள். என்னுடையது 17-ஐக்கூடத் தொடவில்லை.

பள்ளியில் ஒட்டடைக்குச்சி, கல்லூரியில் நரம்பன், கல்யாண வீடுகளில் "வீட்ல சோறு போடுறாங்களா இல்லையா?" என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்தது. அம்மா மட்டும், "அவன் தாத்தா வாகு, எவ்வளவு தின்னாலும் ஒடம்புல ஒட்டாது" என்று எனக்காகப் பரிந்து பேசுவார். நானும் அதை முழுதாக நம்பியிருந்தேன். ஒரே உட்காரலில் ஆறு பரோட்டா தின்கிறவனைக் குறைவாகச் சாப்பிடுகிறவன் என்று யார் சொல்ல முடியும்?

முதலில் மருத்துவரிடம் போனேன். தைராய்டு, சர்க்கரை, ரத்த அணுக்கள், மார்பு எக்ஸ்ரே எல்லாம் பார்த்து, குறை ஒன்றும் இல்லை என்றார். ஒல்லியாகவே இருந்து வருவது வேறு, இருந்த எடை காரணம் தெரியாமல் இறங்குவது வேறு. இரண்டாவது வகை என்றால் ஜிம்முக்குப் போவதற்கு முன் இந்தப் பரிசோதனைகளை அவசியம் செய்துகொள்ள வேண்டும்.

அதன் பிறகு, சாப்பிடும் ஒவ்வொன்றையும் ஒரு வாரத்துக்கு நோட்டில் எழுதினேன். சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, சோற்றைக்கூட நிறுத்த பிறகே தட்டில் போட்டுக்கொண்டேன். சிப்காட்டில் எனக்கு ஷிப்ட் வேலை. காலை ஷிப்டில் மூன்று இட்லியை விழுங்கிவிட்டு பஸ் பிடித்திருக்கிறேன்; மதியம் கேன்டீனில் ஒரு தட்டுச் சோறு; மாலையில் இரண்டு டீ; இரவு மூன்று தோசை. வார நாட்களில் மொத்தம் 1900 கலோரியைத் தாண்டவே இல்லை. ஞாயிறு அன்று பிரியாணியும் பரோட்டாவும் சேர்ந்து 3000-ஐத் தொட்டன. நான் பெருமையாக நினைவில் வைத்திருந்தது அந்த ஒரு நாளைத்தான். மறுநாள் திங்கட்கிழமைப் பக்கத்தில், "மதியம் தயிர்சாதம் பாதி, பசி இல்லை" என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. ஏழு நாளையும் கூட்டி வகுத்தால் சராசரி இரண்டாயிரத்தைச் சற்றே தாண்டியது. புரதம் 45 கிராம் அளவில் இருந்தது. தசை வளர வேண்டுமானால் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் வேண்டும், அதாவது எனக்கு 83 கிராம். ஒட்டுவதற்கு உள்ளே போனால்தானே ஒட்டும்!

ஆனால் அம்மா சொன்னது முழுக்கத் தவறும் இல்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 16 பேருக்கு எட்டு வாரங்கள் தினமும் ஆயிரம் கலோரி கூடுதலாகக் கொடுத்துப் பார்த்து, 1999-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒருவருக்கு அரைக் கிலோவுக்கும் குறைவாகவும் இன்னொருவருக்கு நான்கு கிலோவுக்கு மேலும் கொழுப்பு கூடியிருந்தது. கூடுதலாகச் சாப்பிட்டதும் தம்மை அறியாமலேயே எழுவது, நடப்பது, நெளிவது, நிமிர்வது என்று அதிகமாக அசைந்தவர்களுக்குக் கொழுப்பு குறைவாகவே சேர்ந்தது. உட்கார்ந்த இடத்தில் காலாட்டிக்கொண்டே இருப்பது என் பிறவிக் குணம். காலாட்டினால் வீட்டில் லட்சுமி தங்க மாட்டாள் என்று பாட்டி அதட்டுவார். லட்சுமியைப் பற்றி எனக்குத் தெரியாது, எடை தங்காததில் அதற்கும் ஒரு பங்கு இருக்கிறது.

எடுத்த எடுப்பில் ஒரே நாளில் ஆயிரம் கலோரியைக் கூட்டி, மூன்று நாள் வயிற்றுப்போக்கில் கிடந்தேன். பிறகு 400 என்று இறங்கி வந்தேன். ஒல்லியானவர்களுக்குத் தட்டை நிரப்பிச் சோறு போடுவதில் பயன் இல்லை, வயிறு முதலில் நிரம்பிவிடும்; கொஞ்ச இடத்தில் நிறையச் சத்து அடங்கியிருக்கும் பண்டங்களே எனக்குக் கைகொடுத்தன. இட்லிப்பொடியில் ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் கூட்டினால் அதிலேயே 120 கலோரி. ஐம்பது கிராம் வறுத்த வேர்க்கடலையில் ஏறத்தாழ 280 கலோரியும் 13 கிராம் புரதமும் இருக்கின்றன. ஷிப்ட் இடைவேளையில் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொறித்துவிடலாம். அரை லிட்டர் பாலில் வாழைப்பழத்தையும், பண்ருட்டியிலிருந்து வாங்கி வரும் உடைந்த முந்திரியில் ஒரு பிடியையும் போட்டு மிக்ஸியில் அடித்துக் குடித்தால் ஒரு வேளைச் சாப்பாட்டின் சத்து ஐந்து நிமிடத்தில் உள்ளே போய்விடும். முழு முந்திரிக்குக் கூடுதல் பணம் கொடுப்பானேன், மிக்ஸிக்குள் எல்லாம் ஒன்றுதான். இவற்றோடு தினமும் மூன்று முட்டை, முதுநகர்ப் பக்கம் போகும் நாட்களில் மத்தியோ கானாங்கெளுத்தியோ.

இதற்கு முன்னால் நான் ஏமாந்த கதையும் உண்டு. எடை கூட்டும் பவுடர் என்று ஒரு கடையில் பெரிய டப்பாவைத் தலையில் கட்டினார்கள். லேபிளைப் பிற்பாடு நிதானமாகப் படித்தபோது பெரும்பகுதி மால்டோடெக்ஸ்ட்ரின் என்னும் மாவுச்சத்து என்பது தெரிந்தது. அது போகட்டும், காசோடு போயிற்று. பெயரே இல்லாத பொட்டலங்களில் வரும் எடை கூட்டும் மாத்திரைகள்தான் ஆபத்தானவை. அவற்றில் பல சமயம் இருப்பது சைப்ரோஹெப்டடின் என்ற ஒவ்வாமை மருந்து அல்லது டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு; முன்னது பசியையும் தூக்கத்தையும் கூட்டும், பின்னது முகத்தை உப்ப வைக்கும். உப்பிய கன்னத்தைப் பார்த்து உடம்பு தேறிவிட்டது என்று மகிழ்கிறார்கள்.

பயிற்சியிலும் ஆரம்பத்தில் தலைகீழாகத்தான் நடந்துகொண்டேன்: வாரத்தில் ஆறு நாள் கையையும் மார்பையும் மட்டும் வருத்திவிட்டு, போதாக்குறைக்கு விடியற்காலையில் கடற்கரையில் ஒரு மணி நேரம் ஓடினேன். மஞ்சக்குப்பத்தில் புதிதாகச் சேர்ந்த ஜிம்மில் மாஸ்டர் அதையெல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டு, "மொதல்ல வெறும் ராட தூக்கு தம்பி" என்றார். அந்த இரும்புக் கம்பி மட்டுமே 20 கிலோ. அதைத் தோளில் வைத்து எட்டு முறை உட்கார்ந்து எழுந்த மறுநாள், வீட்டு மாடிப்படியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினேன். வாரத்தில் மூன்று நாள், தோளில் பாரத்தோடு உட்கார்ந்து எழும் இந்த ஸ்குவாட், தரையிலிருந்து பாரத்தைத் தூக்கும் டெட்லிப்ட், படுத்தபடி மார்புக்கு மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ், கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுக்கும் புல்-அப். முந்தைய நாளைவிட ஒரு தடவையாவது அதிகமாகத் தூக்க வேண்டும், அல்லது இரண்டரைக் கிலோவாவது அதிகம் என்று அதையும் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். முதல் சில வாரங்களில் பலம் மளமளவென்று ஏறியும் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கட்டத்தில் கற்றுக்கொள்வது பெரும்பாலும் நரம்புகள்தாம், தசை பின்னால்தான் வரும் என்று மாஸ்டர் சொல்லியிருக்காவிட்டால் அப்போதே விட்டிருப்பேன்.

பதினான்கு மாதங்களில் 63 கிலோ ஆனேன். ஸ்குவாட் 70 கிலோவுக்கு வந்தது. இடுப்பும் ஒரு அங்குலம் பெருத்தது. எடை ஏறும்போது கொழுப்பு கொஞ்சமும் கூடாது என்று எதிர்பார்ப்பது பேராசை.

இந்த மாதம் எனக்கு இரவு ஷிப்ட். பகலில் தூக்கம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் பிடிப்பதில்லை. எழுந்ததும் பசியும் இல்லை. நேற்றுக் காலை 61.8 காட்டியது. விடியற்காலை மூன்று மணி இடைவேளைக்குப் பாலையும் முந்திரியையும் அடித்துப் பிளாஸ்கில் கொண்டுபோகத் தொடங்கியிருக்கிறேன். நோட்டில் அதற்கும் ஒரு பத்தி சேர்ந்திருக்கிறது.