கொக்குவில் நாட்குறிப்பு: நித்திரை கொள்ளும் வைஃபை அட்டை

யூன் 5, வியாழன்

ரொறன்ரோவில் உள்ள ஒரு சின்னக் கடையின் சேர்வரை நான் இங்கே கொக்குவிலில் இருந்தபடி பார்த்துக்கொள்கிறேன். அங்கே காலை ஒன்பதரை என்றால் இங்கே இரவு ஏழு மணி. வேலை தொடங்கும் நேரம் அதுதான். சில நாட்களாக என் லினக்ஸ் லப்டொப்பில் இருந்து எஸ்எஸ்எச் (தூரத்துக் கணினியில் கட்டளை அடிக்கும் முறை) வழியாக உள்ளே போய்த் தட்டச்சு செய்தால் எழுத்துகள் திக்கித் திக்கி வருகின்றன. நாலு எழுத்து உடனே விழும், ஐந்தாவது யோசிக்கும், பிறகு மூன்று எழுத்து ஒன்றாகக் கொட்டும்.

யாழ்ப்பாணத்தில் இருந்து ரொறன்ரோவுக்குப் போய்வர எப்படியும் 200 மில்லி விநாடிக்கு மேல் எடுக்கும். கடலடிக் கேபிளின் நீளம் அது, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் தூரத்தால் வரும் தாமதம் ஓரளவு சீராக இருக்க வேண்டும். இதில் சீரே இல்லை.

இன்னொன்றும் கவனித்தேன். பின்னணியில் பெரிய கோப்பு ஏதாவது இறங்கிக்கொண்டிருந்தால் திக்கல் நின்றுவிடுகிறது. லைன் சும்மா கிடக்கும்போதுதான் மோசம். உலகத்தில் எல்லாருக்கும் இது தலைகீழாகத்தானே நடக்கும்!

யூன் 6, வெள்ளி

லப்டொப்பில் இருந்து ரவுட்டருக்கு பிங் போட்டுப் பார்த்தேன், அதாவது சின்னச் செய்தி ஒன்றை அனுப்பிப் பதில் வர எவ்வளவு நேரம் என்று அளந்தேன். 2, 3, 2 மில்லி விநாடி. ஒரு குறையும் இல்லை. வேகப் பரிசோதனைத் தளங்களும் எல்லாம் நன்றாக இருப்பதாகவே சொல்கின்றன.

பிறகு தம்பியின் மேசைக் கணினியில் இருந்து என் லப்டொப்புக்கு பிங் போட்டோம். அந்த மேசைக் கணினி ரவுட்டரோடு கேபிளில் இணைந்திருப்பது. 6, 94, 41, 103, 12 என்று எண்கள் துள்ளின. தம்பி பார்த்துவிட்டு, "அக்கா, உங்கட லப்டொப் நித்திரை கொள்ளுது" என்றான். கிட்டத்தட்டச் சரியாகத்தான் சொன்னான். நித்திரை கொள்வது லப்டொப் இல்லை, அதற்குள் இருக்கும் வைஃபை அட்டை.

இந்த ஏற்பாடு புதிதல்ல. 1997இல் வந்த முதல் 802.11 தரத்திலேயே மின்சேமிப்பு உண்டு. அட்டை தன் ரேடியோவை அணைக்கப் போவதாக ரவுட்டரிடம் சொல்லிவிட்டு அணைத்துக்கொள்ளும். அதற்கு வரும் பொட்டலங்களை (தரவுத் துண்டுகளை) ரவுட்டர் பிடித்து வைத்திருக்கும். வழக்கமாக 102.4 மில்லி விநாடிக்கு ஒருதரம் ரவுட்டர் ஒரு பீக்கன், அதாவது அறிவிப்புச் சமிக்ஞை, விடும். யாருக்குப் பொட்டலம் காத்திருக்கிறது என்ற பட்டியல் அதில் இருக்கும். திண்ணையில் கண்ணயர்ந்தவர் கோயில் மணி அடிக்கும்போது மட்டும் விழித்து, "என்னைத் தேடி ஆரும் வந்ததோ?" என்று கேட்டுவிட்டுத் திரும்பப் படுப்பதுபோல, அட்டையும் பீக்கனுக்கு மட்டும் விழிக்கும். தம்பியின் எண்கள் நூறு வரை துள்ளியதற்குக் காரணம் இந்த இடைவெளிதான்.

அப்படியென்றால் ரவுட்டருக்கு நான் போட்ட பிங் ஏன் சுத்தமாக இருந்தது? அனுப்புவதற்காக அட்டை விழிக்கிறது. அனுப்பியவுடன் படுத்துவிடாது, கொஞ்ச நேரம் கண்ணைத் திறந்து வைத்திருக்கும். லினக்ஸில் பல அட்டைகளுக்கு அது 100 மில்லி விநாடி அளவு. ரவுட்டரின் பதில் இரண்டே மில்லி விநாடியில் வந்துவிடுவதால் விழித்திருக்கும்போதே கையில் கிடைக்கிறது. ரொறன்ரோவின் பதில் 200க்குப் பிறகுதான் வருகிறது. அதற்குள் அட்டை மறுபடி படுத்துவிட்டது. பதில் அவ்வளவு தூரம் ஓடி வந்து, கடைசியில் எங்கள் விறாந்தையில் இருக்கும் ரவுட்டரில் அடுத்த பீக்கன் வரை காத்துக் கிடக்கிறது.

கோப்பு இறங்கும்போது திக்கல் இல்லாததும் இதனால்தான். படுக்க நேரம் கிடைப்பதில்லை. சோதித்துப் பார்க்க, ஒரு ஜன்னலில் ரவுட்டருக்கு விநாடிக்கு 20 பிங் வீதம் ஓட விட்டேன் (இடைவெளி 0.05, பிங்கின் பழைய பதிப்புகளில் சூடோ, அதாவது நிர்வாகி உரிமை, வேண்டும்). மற்ற ஜன்னலில் எஸ்எஸ்எச் வெண்ணெய்.

மருந்து ஒரு வரிதான். வைஃபை அமைப்பைப் பார்க்கவும் மாற்றவும் ஐடபிள்யூ என்று ஒரு கட்டளை உண்டு. 'ஐடபிள்யூ டெவ்' என்று அடித்தால் அட்டையின் பெயர் தெரியும், என்னுடையது டபிள்யூஎல்பி2எஸ்0. அந்தப் பெயரோடு 'கெட் பவர்_சேவ்' சேர்த்துக் கேட்டால் 'ஒன்' என்கிறது, மின்சேமிப்பு நடக்கிறது என்று பொருள். சூடோவோடு 'செட் பவர்_சேவ் ஓஃப்' கொடுத்தேன். தம்பியின் பக்கத்தில் எல்லா எண்ணும் ஐந்துக்குள் அடங்கின.

யூன் 8, ஞாயிறு

மூடியைச் சாத்திவிட்டுத் திறந்தால் பழையபடி 'ஒன்'.

ஐடபிள்யூ கொடுக்கும் கட்டளை அந்த நேரத்துக்கு மட்டுந்தான். ஒவ்வொரு முறை இணையும்போதும், இணைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் நெட்வேர்க்மனேஜர் என்ற மென்பொருள் வந்து தன் விருப்பத்தைத் திணிக்கும். என்னிடம் இருக்கும் லினக்ஸ் வகையான உபுண்டுவில் ஈடிசி அடைவுக்குள் நெட்வேர்க்மனேஜர், அதற்குள் கொன்ஃப்.டி என்று ஓர் அடைவு. அங்கே 'டிஃபோல்ட்-வைஃபை-பவர்சேவ்-ஒன்' என்ற கோப்பு இருக்கிறது. உள்ளே 'வைஃபை.பவர்சேவ் = 3'. இதில் 3 என்றால் போடு, 2 என்றால் நிறுத்து, 1 என்றால் இருப்பதைத் தொடாதே, 0 என்றால் பொது வழக்கப்படி.

வலைத்தளங்களில் பாதிப்பேர் அந்தக் கோப்பையே திறந்து 3ஐ 2 ஆக்கச் சொல்கிறார்கள். வேலை செய்யும், ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. பொதியோடு வந்த கோப்பைத் தொட்டால் அடுத்த பதிப்பேற்றத்தில் அது எதை வைத்திருப்பது என்று கேட்டு வழக்காடும். அந்த அடைவில் உள்ள கோப்புகள் பெயரின் அகரவரிசையில் வாசிக்கப்படும், கடைசியில் வருவது வெல்லும். ஆகவே 'இசட்இசட்' என்று தொடங்கும் என் சொந்தக் கோப்பு ஒன்றை வைத்து அதில் 2 எழுதினேன். நெட்வேர்க்மனேஜரை மீளத் தொடக்கினேன். மூடியைச் சாத்தித் திறந்தும் 'ஓஃப்'.

வீட்டு வைஃபைக்கு மட்டும் நிறுத்த வேண்டுமென்றால் நெட்வேர்க்மனேஜரின் கட்டளையான 'என்எம்சிஎல்ஐ'யில் அந்த இணைப்பின் '802-11-வயர்லெஸ்.பவர்சேவ்' என்ற பண்பை 2 ஆக்கலாம். அது பொதுக் கோப்பை விட மேலோங்கும்.

யூன் 11, புதன்

பின்னேரம் கரண்ட் போய்விட்டது. ரவுட்டருக்குச் சின்ன யூபிஎஸ் இருப்பதால் இணையம் இருந்தது, லப்டொப் பற்றரியில். 2022 மார்ச் கடைசியில் 13 மணிநேரம் வெட்டிய நாடு இது. ஆகவே பற்றரிக் கணக்கை நான் விளையாட்டாக எடுப்பதில்லை.

மின்செலவை அளந்து காட்டும் பவர்டொப்பைத் திறந்து, திரை வெளிச்சத்தை மாற்றாமல், மின்சேமிப்பைப் போட்டும் நிறுத்தியும் பார்த்தேன். நிறுத்தினால் 6.5 வாட், போட்டால் 6.1. என் பழைய பற்றரியில் மிஞ்சியிருப்பது 30 வாட்மணி. அதை வகுத்தால் வித்தியாசம் 18 நிமிடம். திரையைப் பாதி வெளிச்சமாக்கினால் அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும், ஆனாலும் இருட்டில் 18 நிமிடம் 18 நிமிடம்தான். முழுதாக நிறுத்தி வைப்பது சரியில்லை என்று பட்டது. சார்ஜர் செருகியிருந்தால் ஓஃப், கழற்றினால் ஒன், அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

இதற்கு டிஎல்பி என்ற மின்சேமிப்பு மென்பொருள் இருக்கிறது. அதன் அமைப்பில் 'வைஃபை_பிடபிள்யூஆர்_ஒன்_ஏசி' (சார்ஜரில்) ஓஃப், 'வைஃபை_பிடபிள்யூஆர்_ஒன்_பேட்' (பற்றரியில்) ஒன் என்று தானாகவே வருகிறது, மாற்றத் தேவையில்லை. ஆனால் நெட்வேர்க்மனேஜரும் கூடவே கையை நீட்டினால் இரண்டும் இழுபறிப்படும். அதனால் என் கோப்பில் இருந்த 2ஐ 1 ஆக்கினேன். இப்போது நெட்வேர்க்மனேஜர் தொடாது, டிஎல்பி மட்டும் முடிவெடுக்கும். நிறையப் பேர் 2இல் நின்றுவிடுகிறார்கள். லப்டொப்பை மேசையை விட்டு எடுக்காதவர்களுக்கு அது போதும். மற்றவர்களுக்கு 1தான் நல்ல எண் என்பேன்.

ஒரு விலை உண்டு. டிஎல்பியைப் போடும்போது உபுண்டுவோடு வரும் மின்சேமிப்பு மென்பொருளான பவர்-ப்ரொஃபைல்ஸ்-டீமனை அகற்றிவிடும். க்னோம் (திரை முகப்பு) மெனுவில் இருக்கும் மின்சேமிப்புப் பொத்தானும் அதோடு போகும். அதை நான் அழுத்தியதே இல்லை.

பற்றரியில் இருக்கும்போது திக்கல் திரும்ப வருமே? அதற்கு, எஸ்எஸ்எச்சுக்குப் பதிலாகப் பாவிக்கும் மொஷ் என்ற மென்பொருள். எம்ஐடியில் எழுதி 2012இல் வெளியானது. நீங்கள் அடித்த எழுத்தை சேர்வரின் பதிலுக்குக் காத்திராமல் ஊகித்து உடனே காட்டும். சேர்வரில் 60000 முதல் 61000 வரையான யூடிபி வாசல்களில் (பொட்டலங்கள் உள்ளே வரும் எண்ணிட்ட வழிகளில்) சிலதைத் திறந்து வைக்க வேண்டும்.

யூன் 14, சனி

சுன்னாகத்து மச்சாளின் கணினியில் யூஎஸ்பி வைஃபைக் குச்சி. ஐடபிள்யூவில் 'ஓஃப்' என்று காட்டியும் சும்மா விட்டால் இணைப்பு அறுகிறது. அங்கே நித்திரைக்குப் போவது ரேடியோ இல்லை, யூஎஸ்பி வாசலே. சிஸ் அடைவில் அந்தச் சாதனத்தின் 'பவர்/கொன்ட்ரோல்' கோப்பில் 'ஓட்டோ' என்று இருந்தது, 'ஒன்' என்று எழுதினோம். இங்கே 'ஒன்' என்றால் வாசல் எப்போதும் விழித்திருக்கும். அதற்குப் பிறகு அறுபடவில்லை. டிஎல்பி வைத்திருப்பவர்கள் அந்தக் குச்சியின் அடையாள எண்ணை யூஎஸ்பி விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

மச்சாள் தேத்தண்ணியோடு பனங்காய்ப் பணியாரமும் தந்தாள். கூலி அதிகந்தான்.

யூன் 17, செவ்வாய்

நேற்றிரவு லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலுக்குப் பதிப்பேற்றம் வந்தது. காலையில் மீளத் தொடக்கிப் பார்த்தேன். சார்ஜரோடு 'ஓஃப்', கழற்றினால் 'ஒன்', மூடியைச் சாத்தித் திறந்தும் அப்படியே. கேர்னல் மாறும்போது ட்ரைவருக்குள்ளேயே (அட்டையை இயக்கும் மென்பொருளுக்குள்ளேயே) இருக்கும் தனி அமைப்புகள் மாறக்கூடும். இன்டெல் அட்டைகளுக்கு ஐடபிள்யூஎல்எம்விஎம் என்ற ட்ரைவர் மொடியூலில் 'பவர்_ஸ்கீம்' என்று ஒன்று உண்டு, 1 முழு விழிப்பு, 2 நடுத்தரம், 3 அதிகச் சேமிப்பு. ஐடபிள்யூவில் 'ஓஃப்' காட்டியும் திக்கினால் அடுத்துப் பார்க்க வேண்டிய இடம் அது. எனக்குத் தேவைப்படவில்லை.

தம்பி தன் பழைய லப்டொப்புக்கும் இதைச் செய்யச் சொல்கிறான், விளையாட்டுக்கு. அதன் பற்றரி செத்து எவ்வளவோ காலம். சார்ஜர் இல்லாமல் அது எழும்பவே எழும்பாது. அவனுக்கு 2 போதும்.