வியாசர்பாடியில் ராணிக்குத் தீனி: உயிர் எலியிலிருந்து ஐஸ் எலிக்கு

ராணி ஒரு பால் பைதான் (ball python), வெளிநாட்டு மலைப்பாம்பு வகை. ராயல் பைதான் என்றும் சொல்வார்கள், அதனால்தான் அந்தப் பெயர். மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் கணக்குக் காட்டித்தான் வளர்க்கிறேன். நம்மூர்ச் சாரையைப் பிடித்து வளர்க்கலாமா என்று கேட்காதீர்கள். 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

2023 நவம்பர் வரை உயிர் எலிதான் போட்டேன். ஒருநாள் தண்ணி லாரி சத்தம் கேட்டுக் குடத்தோடு கீழே ஓடினேன். திரும்பி வருவதற்குள் எலி அவள் முதுகைக் கொறித்துவிட்டது. செதில் பெயர்ந்து சிவந்து கிடந்தது. பசியில்லாத பாம்பு சும்மா சுருண்டு கிடக்கும், எலிக்கு அந்தப் பொறுமை கிடையாது. அன்றோடு உயிர் எலியை விட்டு, ஐஸ் எலிக்கு, அதாவது உறைய வைத்த செத்த எலிக்கு மாறினேன்.

ராணியின் எடை 620 கிராம். பத்தில் ஒரு பங்கு கணக்கில் 60 கிராம் எலி போதும். எடை மெஷின் இருந்தும் அம்மாவின் பூ கட்டும் நூலைத்தான் நம்புகிறேன். பாம்பின் பருத்த இடத்தில் சுற்றி அளந்து, அதே நூலை எலிக்குச் சுற்றுவேன். எலி அதைவிடப் பருமனாக இருந்தால் வேண்டாம்.

முதல் ஐஸ் எலியைச் சொதப்பினேன். மேலே தொட்டால் வெதுவெதுப்பு, வயிற்றுக்குள் கல் மாதிரி ஐஸ். மூன்றாம் நாள் கக்கிவிட்டாள். அந்த நாற்றத்தை எழுத முடியாது. இரண்டு வாரம் பட்டினி போட்டு, அப்புறம் சின்ன எலியாகக் கொடுத்தேன்.

அதற்குள் மிக்ஜாம் புயல். டிசம்பர் 4, தெருவில் இடுப்பளவு தண்ணீர். மூன்று நாள் கரண்ட் இல்லை. தனி ஃப்ரீசரில் வைத்திருந்த 11 எலியும் உருகிவிட்டன. திரும்ப உறைய வைக்கலாமா என்று சபலம் வந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். இரண்டு கவரில் கட்டி எல்லாவற்றையும் தூக்கிப் போட்டேன்.

பக்கத்து வீட்டு அண்ணன் எலிப்பொறியோடு வந்தார். "தம்பி, நல்லா கொழுத்தது மாட்டிக்கிச்சு. உன் பாம்புக்குப் போடுபா."

"வேணாம்ணா, இது எங்க என்ன தின்னுச்சோ."

பல எலி மருந்துகள் உடனே கொல்லாது. தின்ற எலி சில நாள் சாதாரணமாகத் திரியும், அதைத் தின்கிற பாம்புக்கும் விஷம் போகும். போதாததற்குச் சாக்கடை ஒட்டுண்ணிகள் வேறு. அண்ணனுக்கு வருத்தம்தான். ராணி நாலு வாரம் சாப்பிடவில்லை, எடை 8 கிராம்தான் குறைந்தது.

இப்போது செய்வது இது: முதல் நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். மறுநாள் மாலை கவரோடு வெந்நீரில் முக்கி, வயிற்றை அழுத்திப் பார்ப்பேன். மெத்தென்று இருக்க வேண்டும். கடைசியாகத் தலையை மட்டும் இன்னொரு நிமிஷம் சூடாக்குவேன். உதட்டுக் குழிகளால் சூட்டை உணர்ந்துதான் பாய்கிறாள். மைக்ரோவேவ் கூடவே கூடாது, எலி பாதி வெந்துவிடும், சமயத்தில் வெடிக்கும். வாளியும் இடுக்கியும் தனி, அம்மாவின் கண்டிஷன். சாப்பிட்டபின் இரண்டு நாள் தொடுவதில்லை.

ஜனவரி 14, பொங்கலுக்கு முந்தின நாள். சட்டை உரிக்கும் முன் ராணியின் கண்ணில் படியும் பால்நிறம் தெளிந்து, சட்டையும் உரித்து மூன்றாம் நாள். நீள இடுக்கியில் வாலைப் பிடித்து லேசாக ஆட்டினேன். நாக்கு இரண்டு முறை நீண்டது. அடுத்த நொடி இடுக்கி கையில் அதிர்ந்தது. எலியைச் சுற்றி மூன்று சுருள். கதவருகே நின்ற அம்மா, "பிடிச்சிட்டாளா?" என்றார்.