மேடையில் இருந்தவர் தப்பு, என் நண்பன் சரி

ஆல்பத்தை மனப்பாடம் செய்தவனோடு ராக் கச்சேரிக்குப் போவதைப் போல ஒரு தண்டனை கிடையாது. பாட்டு வரிகளை மட்டும் மனப்பாடம் செய்திருந்தால் பரவாயில்லை, அது எல்லோரும் செய்வதுதான். என் நண்பன் கிடார் தனித்து முழங்கும் சோலோ, டிரம்ஸில் நடுவே வரும் சின்னச் சின்ன உருட்டல், இரண்டாவது சரணத்துக்கு முன்னால் பாடகர் மூச்சை இழுக்கும் சத்தம் என்று அத்தனையையும் அதே வரிசையில், அதே நீளத்தில் வாயாலேயே வாசித்துக் காட்டுவான். ஹெட்போனில் கேட்டே வளர்ந்தவன், ஒரு குழுவையும் நேரில் பார்த்ததில்லை. "நேர்ல வேற மாதிரி இருக்கும், வாடா" என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். வேற மாதிரி இருக்கும் என்பதுதான் அவனுக்குப் பிரச்சினையே என்று பிறகுதான் புரிந்தது.

குழுவின் பெயர் வேண்டாம். நாங்கள் இருவரும் சின்ன வயதிலிருந்து கேட்கும் பழைய குழு. பாதிப் பேர் மாறிவிட்டார்கள், மீதிப் பேருக்குத் தலைமுடி மாறிவிட்டது.

விளக்கு அணைந்து, கூட்டம் கத்தி, முதல் பாட்டு ஆரம்பித்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. என் காதருகே குனிந்து, "வேகம் அதிகம்" என்றான். உண்மைதான், மேடை ஏறினால் பெரும்பாலான குழுக்கள் கொஞ்சம் வேகமாகத்தான் வாசிக்கும். எதிரே இத்தனை ஆயிரம் பேர் கத்தினால் டிரம்மருக்கும் படபடப்பு இருக்காதா? "ஆல்பத்துல இவ்வளவு வேகம் இல்லையே" என்றான். ஆல்பத்துக்கு வாசிக்கும்போது அவருக்கு எதிரே ஒரு கண்ணாடிச் சுவரும் கொட்டாவி விடும் ஒரு சவுண்ட் என்ஜினியரும்தான் இருந்திருப்பார்கள் என்றேன். அவன் காதில் விழவில்லை. நான் காதடைப்பான் கொண்டுவந்து மாட்டிவிட்டிருந்தேன். 1976-இல் தி ஹூ குழு லண்டனில் ஒரு கால்பந்து மைதானத்தில் 126 டெசிபல் சத்தத்தில் வாசித்து கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. பின்னால், இதைச் சாதனை என்று போட்டால் ஊரெல்லாம் காதைக் கெடுத்துக்கொள்ளும் என்று கின்னஸே அந்தப் பிரிவைக் கைவிட்டது. ஆகையால் காதடைப்பான் விஷயத்தில் நான் கறார்.

இரண்டாவது பாட்டில் அடுத்த புகார். "டிரம்மர் தாளம் தப்புறாரு. குச்சி எப்பவோ விழுது, சத்தம் அப்புறம் வருது." நாங்கள் நின்றது ரொம்பப் பின்னால். ஒளி உடனே வந்துவிடும், ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். நூறு மீட்டர் தள்ளி நின்றால் கிட்டத்தட்ட 0.3 வினாடி தாமதம். ராக் தாளத்தில் அது கணிசமான நேரம். நடுவே கம்பங்களில் ஸ்பீக்கர் வைத்திருப்பார்களே, அதிலிருந்து வரும் சத்தத்தையும் மேடைச் சத்தம் வந்து சேரும் நேரத்துக்குத் தோதாகத் தாமதப்படுத்தித்தான் விடுவார்கள், இல்லையென்றால் ஒரே அடி இரண்டு முறை கேட்கும். இதையெல்லாம் அந்த இரைச்சலில், காதில் அடைப்பான் மாட்டிய ஒருவனுக்குக் கைஜாடையில் விளக்கிப் பாருங்கள். எனக்குப் பின்னால் நின்ற பெண் நான் நடனம் ஆடுகிறேன் என்று நினைத்து அவளும் அதே மாதிரி கையை ஆட்ட ஆரம்பித்தாள். அப்புறம் அந்த வரிசையே ஆட்டியது.

சரி, இதெல்லாம் சில்லறை. பெரிய விபத்து கிடார் சோலோவில் நடந்தது.

எல்லோரும் காத்திருந்த பாட்டு அது. சோலோ வரும் இடம் வந்ததும் கிடார் கலைஞர் ஓர் அடி முன்னால் வந்து, கண்ணை மூடி, ஆல்பத்தில் இல்லாத எதையோ வாசிக்கத் தொடங்கினார். மெதுவாக, எங்கேயோ சுற்றி, அருமையாக இருந்தது. அதே வினாடியில் என் நண்பனும் கண்ணை மூடி ஆல்பத்தில் இருந்த சோலோவைத் தொண்டை கிழிய ஆரம்பித்தான். "டீடிடீ... டியூவ்வ்வ்..." மேடையில் ஒரு சோலோ, என் இடது காதில் ஒரு சோலோ. இவன் முடித்துவிட்டான், அவர் முடிக்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தான். மேடையில் இன்னும் வாசித்துக்கொண்டிருந்த அந்த மனிதரை, இறுதிச் சுற்றில் கேட்சை விட்ட வீரரைப் பார்ப்பதுபோல் பார்த்தான். "தப்பா வாசிக்கிறாருடா." அந்தச் சோலோவை உண்டாக்கியதே அவர்தான், அவர் எப்படித் தப்பாக வாசிக்க முடியும்? "அதான் சொல்றேன், அவருக்கே மறந்துபோச்சு!"

இந்த இடத்தில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். மேடையில் மாறாத பாட்டைக் கேட்க நான் இவ்வளவு தூரம் வந்து, எவனோ ஒருவனின் முதுகைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்காக நிற்க வேண்டியதில்லை. டீப் பர்ப்பிள் குழு 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் மூன்று இரவுகள் வாசித்ததிலிருந்து தொகுத்த 'மேட் இன் ஜப்பான்' ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டு வந்த ஸ்டூடியோ ஆல்பத்தில் நாலரை நிமிடம் ஓடிய ஒரு பாட்டு, இதில் இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக நீண்டு இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் விழுங்கியிருக்கிறது. இதைக் கேட்ட பிறகு ஸ்டூடியோ வடிவம் எனக்கு முன்னோட்டம் மாதிரித்தான் படுகிறது. தி ஹூ 1970-இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் வாசித்த ஆல்பத்தில் கரகரவென்று சில சத்தங்கள் இருக்கும். தட்டின் லேபிளிலேயே, கரகரப்பு இருக்கட்டும், திருத்த வேண்டாம் என்று எழுதிவைத்தார்கள். அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. தின் லிஸ்ஸி குழுவின் 1978 லைவ் ஆல்பத்தில் முக்கால்வாசி ஸ்டூடியோவில் திரும்ப வாசித்து மேலே ஏற்றியது, அதாவது ஓவர்டப், என்று அதன் தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி சொல்ல, குழுவினர் மறுத்தார்கள். என்னைக் கேட்டால், கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கைதட்டலை நம்பமாட்டேன். லைவ் என்று பெயர் போட்டுவிட்டு அப்புறம் தலைவாரிப் பவுடர் பூசுவது எதற்கு?

நண்பனின் கட்சிக்குத் தோதான உதாரணத்தையும் நானே கொடுத்தேன், அவ்வளவு நல்லவன் நான். குயீன் குழுவின் 'பொஹீமியன் ராப்சடி'யில் நடுவே வரும் அந்த ஓபரா பகுதி, குரலை அடுக்கடுக்காகப் பதிவு செய்து உண்டாக்கியது, நாலு பேர் நின்று பாட வராது. ஆகவே கச்சேரிகளில் அந்த இடம் வந்ததும் மேடையைக் காலி செய்துவிட்டு, ஒலிநாடாவை ஓடவிட்டு, விளக்கு வித்தை காட்டிவிட்டுத் திரும்பி வருவார்கள். இதைச் சொன்னதும் அவன் முகம் மலர்ந்தது. "பாத்தியா, அது நேர்மை!" அவன் கணக்குப்படி ராக் வரலாற்றின் உச்சக் கச்சேரி அதுதான்: மேடையில் ஆளே இல்லை, ஆல்பம் ஓடுகிறது.

இந்த வாக்குவாதம் நடந்த நேரம், பாடகர் மைக்கைப் பிடித்து எந்தக் கூட்டத்தையும் கலைக்கக்கூடிய அந்த வாக்கியத்தைச் சொன்னார்: "அடுத்து எங்கள் புது ஆல்பத்திலிருந்து." அவ்வளவுதான், மைதானத்தில் மூன்றில் ஒரு பங்கு கழிவறை வரிசைக்கு நகர்ந்தது. எனக்கு இது ஆகவே ஆகாது. அந்தப் பழைய பாட்டெல்லாம் ஒரு நாள் புதுப்பாட்டாக இருந்தவைதானே? பிங்க் ஃபிளாய்ட் குழுவினர் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' பாடல்களை ஆல்பம் வருவதற்கு ஓராண்டு முன்பிருந்தே மேடையில் வாசித்தார்கள். 1972 ஜனவரியில், பிரைட்டனில் நடந்த முதல் முயற்சி கருவிக் கோளாறால் பாதியில் நின்றது. 1973 மார்ச்சில் தான் ஆல்பம் வந்தது, வந்து அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்துகொண்டது. பிரைட்டனில் அன்று இருந்தவர்கள் யாரும் ஆல்பம் மாதிரி இல்லை என்று முனகியிருக்க முடியாது. ஆல்பமே இல்லை.

நண்பனும் கழிவறைக்குப் போகவில்லை, அந்த வகையில் அவனைப் பாராட்ட வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு நின்றான். புது ஆல்பத்தை அவன் கேட்டிருக்கவில்லை, திருத்துவதற்கு ஒன்றுமில்லை. இரண்டாவது புதுப்பாட்டில் தலையை ஆட்டினான். பேஸ் கிடார் நெஞ்சுக்கூட்டில் வந்து இடித்த இடத்தில் என்னைத் திரும்பிப் பார்த்து, "இது எங்கேருந்து வருது?" என்றான். மெட்டாலிக்கா குழுவின் 1988 ஆல்பத்தில் பேஸ் கிடாரைத் தேடித் தேடி ஆயுள் பாதியைத் தொலைத்தவன், ஒலிகளைச் சேர்த்துக் கலக்கும் மிக்ஸிங்கில் அதைக் கிட்டத்தட்டக் காணாமல் அடித்துவிட்டார்கள் என்று அவனே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிபவன். பேஸ் என்பது காதுக்கு மட்டுமல்ல, விலா எலும்புக்கும் உரிய வாத்தியம் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டான். அந்த ஒரு பாட்டு முழுக்க வாயைத் திறக்கவில்லை. நான் மனசுக்குள் அந்த பேஸ் கலைஞருக்கு நன்றி சொன்னேன்.

அடுத்தது பழைய பாட்டு. திறந்துவிட்டான்.

கூட்டம் கேட்டுக் கடைசியில் வாசிக்கும் என்கோர் முடியும் வரை அப்படியேதான். கைப்பேசியை வேறு தலைக்குமேல் தூக்கிப் பிடித்து அந்தப் பெரிய சோலோ பாட்டு முழுவதையும் பதிவு செய்திருக்கிறான், இது எனக்கு அடுத்த நாள்தான் தெரியும். நண்பர்கள் எல்லோருக்கும் அனுப்பினான். போட்டுக் கேட்டேன். தூரத்தில் கொசு மாதிரி ஒரு கிடார் முனகுகிறது. பக்கத்தில், தெள்ளத்தெளிவாக, ஒரு சுரம் பிசகாமல், ஆல்பத்தில் இருக்கும் அதே சோலோ, என் நண்பனின் தொண்டையிலிருந்து. நடுவில் ஓரிடத்தில் நான் "வாய மூட்றா" என்பதும் பதிவாகியிருக்கிறது. ஒரு நண்பர், கிடார் வாசிப்பது புது ஆளா, நன்றாக இருக்கிறதே என்று கேட்டிருந்தார்.

இவன் அதற்கு எழுதிய பதில்: "ஒரு இடத்துலயும் ஓவர்டப் கிடையாது."