லைவுக்கு முந்தைய அரை மணி நேரம்

மாவட்டச் செய்தியாளரின் லைவ் இப்போதெல்லாம் கேமராமேன் தோளில் தொங்கும் ஒரு பையில் இருக்கிறது. பேக்பேக் என்பார்கள். படத்தைத் துண்டுபோட்டு நாலு, ஆறு சிம் கார்டுகள் வழியே ஒரே நேரத்தில் அனுப்பும்; ஸ்டுடியோவில் அதைச் சேர்த்துக்கொள்வார்கள். ஆறு சிம்மும் ஒரே கம்பெனியாக இருந்தால், அந்த டவர் திணறும்போது ஆறும் சேர்ந்தே திணறும். கலந்துதான் போட வேண்டும்.

பொதுக்கூட்டத்தில் தலைவர் மேடையேறும் நேரம் பார்த்து லைவ் உறைந்துபோவது இதனால்தான். கூட்டம் மொத்தமும் அந்த நிமிடத்தில் வீடியோ அனுப்புகிறது. மேடைக்குப் பக்கத்தில் நின்று போராடுவதைவிட, கொஞ்சம் தள்ளி வேறு டவர் கிடைக்கிற மொட்டைமாடி ஒன்றை முன்கூட்டியே பார்த்து வைப்பது புத்திசாலித்தனம்.

2018 மே மாதம், துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, நெல்லை, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தை முடக்கினார்கள். அப்படி ஒரு நாளில் பேக்பேக் வெறும் சுமை. செயற்கைக்கோளோடு பேசும் ஓ.பி. வேன், அதாவது வெளிப்புற ஒளிபரப்பு வண்டிதான் கதி. வேனுக்கோ அடைமழை ஆகாது. அது அனுப்பும் கே.யு. பேண்ட் அலையைக் கனமழை விழுங்கிவிடும். அதே ஆண்டு நவம்பரில் வந்த கஜா மாதிரி டவர், மின்கம்பம் எல்லாவற்றையும் சாய்க்கிற புயலில், போன் எடுக்கிற இடமாகத் தேடிப் போய் போனோ, அதாவது படமில்லாமல் போனில் குரல் மட்டும் கொடுப்பதுதான் மிச்சம்.

தொகுப்பாளர் கேள்வி கேட்ட பிறகும் செய்தியாளர் சும்மா தலையாட்டிக்கொண்டு நிற்பதைக் கிண்டல் செய்கிறோம். செயற்கைக்கோள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. சிக்னல் ஏறி இறங்கவே கால் நொடி. பேக்பேக்கில் இது சில நொடிகள்வரை போகும். இதைவிடக் கொடுமை, தன் குரலே தாமதமாகக் காதில் திரும்ப வருவது. நாக்கு குழறிவிடும். ஸ்டுடியோ தன் ஒலியில் செய்தியாளர் குரலை மட்டும் கழித்து அனுப்ப வேண்டும். மிக்ஸ் மைனஸ் என்று பெயர். அவசரத்தில் மறந்துவிடுவார்கள். அப்போது பேசும்வரை இயர்போனைக் கழற்றி, முடித்ததும் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

பைட், அதாவது ஒருவரின் கருத்தைக் கேமராவில் எடுக்கும்போது முதல் வேலை, பெயரையும் பொறுப்பையும் கேமரா முன்பே சொல்லவைப்பது. டெஸ்க்கில் பெயர் தப்பாக அடிப்பது பாதி குறையும். 'ஆமா, இல்ல' என்று முடிகிற கேள்வி எடிட்டருக்கு உதவாது; 'எப்படி நடந்துச்சு?' என்று கேட்டால் பதில் முழு வாக்கியமாக வரும். பி.டி.சி., அதாவது செய்தியாளரே கேமராவைப் பார்த்துப் பேசுவது, 30 நொடி என்றால் ஐம்பது சொல்லுக்கு மேல் எழுதக் கூடாது. எழுதியதை மனப்பாடம் செய்தால் நடுவில் ஒரு சொல் நழுவியதும் எல்லாம் சரிந்துவிடும். மூன்று குறிப்பு போதும்.

போக்சோ வழக்கில் முகத்தை மங்கலாக்கினால் போதும் என்று இன்னமும் நினைக்கிறார்கள். சட்டத்தின் 23-வது பிரிவு குழந்தையின் பெயர், வீட்டு முகவரி, பள்ளி, குடும்ப விவரம், அக்கம்பக்கம் எல்லாவற்றையும் தடுக்கிறது. தெருமுனைப் பெயர்ப்பலகை ஒரு ஷாட்டில் வந்துவிட்டால், முகத்தை மறைத்து என்ன பயன்?

இத்தனையும் தெரிந்திருக்க வேண்டிய தாலுகா செய்தியாளர்கள் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஒளிபரப்பான செய்திக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. நாள் முழுக்க வெயிலில் நின்று எடுத்தது வேறொரு பிரேக்கிங் நியூஸில் அடிபட்டுப்போனால், பெட்ரோல் காசும் கைக்காசுதான்.