கையெழுத்து போடும் வரை

பிப்ரவரி 3
பேச்சை எடுத்தது நான்தான். ஜூனில் அவன் வீட்டுக்குக் குடிபோகிறேன், கல்யாணம் அடுத்த வருடம், அதற்குள் யார் எதற்குச் செலவழிப்பது, பிரிந்தால் யாருக்கு எது என்று எழுத்தில் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். "பிரியறதுக்கு இப்பவே நாள் குறிக்கிறியா?" என்றான். கோபமில்லை, ஆனால் முகம் வாடிவிட்டது. எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. படுத்த பிறகுதான் தோன்றியது: நாங்கள் எழுதாவிட்டாலும் எங்களுக்காக ஒன்று எழுதித்தான் இருக்கிறது, அந்தந்த நாட்டுச் சட்டத்தில். இருவரும் அதை வாசித்ததில்லை.

பிப்ரவரி 11
வக்கீலைத் தனியாகப் போய்ப் பார்த்தேன். இருவருக்கும் ஒரே வக்கீல் வேண்டாம் என்றார் எடுத்த எடுப்பிலேயே. பின்னாளில் ஒருவர் "புரியாமல் கையெழுத்துப் போட்டேன்" என்று சொன்னால் மொத்தமும் ஆட்டம் கண்டுவிடுமாம். கடைசி நேரத்தில் காகிதத்தை நீட்டுவதும் அதே வகைதான். பேஸ்பால் வீரர் பாரி பாண்ட்ஸ் 1988-இல் கல்யாணத்துக்கு முதல் நாள் கையெழுத்து வாங்கினார், மணப்பெண்ணுக்கென்று வக்கீல் யாரும் இல்லை. ஆனாலும் அது செல்லும் என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2000-இல் சொல்லிவிட்டது. அப்புறம்தான் அங்கே சட்டத்தைத் திருத்தி, ஒப்பந்தம் கைக்கு வந்த பின் ஏழு நாளாவது கழித்தே கையெழுத்து என்று வைத்தார்கள். ஏழு நாள்! நான் ஒரு ஜோடி செருப்பு வாங்கவே அதைவிட அதிகம் யோசிப்பேன்.

பிப்ரவரி 20
சொத்து, கடன் எல்லாவற்றையும் இருவரும் பட்டியல் போட வேண்டும், மறைத்தால் பின்னால் ஒப்பந்தமே அடிபடலாம். சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பரீட்சை மாதிரி எழுதினோம். நண்பன் வாங்கிய கடனுக்கு இவன் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறான், அது இன்னும் முடியவில்லை! மூன்று வருடமாகப் பழகுகிறோம், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அரை மணி நேரம் பேசாமல் இருந்தேன். பிறகு என் கிரெடிட் கார்டு பாக்கியை நானும் எழுதினேன். அது அவனுக்குத் தெரியாது.

மார்ச் 8
மூன்று வாரமாக ஒரே சண்டை, வீட்டைப் பற்றி. வீடு அவன் பெயரில், தவணை அவன் கட்டுகிறான், மளிகை, மின்சாரம், மற்ற செலவெல்லாம் நான் பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பத்து வருடம் இப்படியே போனால் அவனிடம் ஒரு வீடு இருக்கும், என்னிடம் பழைய பில்கள் இருக்கும், இரண்டு பேரும் சம அளவு செலவழித்திருந்தாலும். சேர்ந்து வாழ்ந்தாலே உரிமை தானாக வந்துவிடும் என்று இங்கிலாந்தில் நிறையப் பேர் நம்புகிறார்கள், அங்கே அப்படி ஒரு சட்டமே கிடையாது. ஆஸ்திரேலியாவிலோ பொதுவாக இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்திருந்தால் பங்கு கேட்டு நீதிமன்றம் போகலாம். அன்று வாசித்ததில்லை என்று எழுதினேனே, அது இதுதான். கடைசியில் அவனே கணக்குப் போட்டான்: தவணையிலும் செலவிலும் ஆளுக்குப் பாதி, நான் தவணைக்குக் கொடுப்பது தனிக் கணக்கில் பதிவாகும், பிரிந்தால் அந்த விகிதத்தில் வீட்டில் எனக்குப் பங்கு. அவன் ஏற்கெனவே கட்டிய முன்பணம் அவனுடையது, அதில் நான் கை வைக்க மாட்டேன்.

மார்ச் 22
வக்கீல் இரண்டு பத்திகளை அடித்துவிட்டார். ஒன்று, பாத்திரம் யார் கழுவுவது (சிரித்துக்கொண்டே அடித்தார்). இன்னொன்று, குழந்தை பிறந்து நாங்கள் பிரிந்தால் ஒருவரிடம் ஒருவர் வளர்ப்புச் செலவு கேட்கக் கூடாது என்று நாங்களாக எழுதியது. அது குழந்தைக்குச் சேர வேண்டியது, அதை விட்டுக்கொடுக்க நீங்கள் யார் என்றார். சரிதான்.

ஏப்ரல் 17
கையெழுத்து ஆயிற்று, சாட்சிகள் இருவர். இது சேர்ந்து வாழ்வதற்கு மட்டும்தான், கல்யாணத்துக்கு வேறு எழுத வேண்டும். குழந்தை பிறந்தாலோ, யாருக்காவது வேலை போனாலோ, இல்லாவிட்டாலும் ஐந்து வருடத்துக்கு ஒரு முறையோ திரும்ப எடுத்துப் பார்ப்பது என்றும் ஒரு வரி சேர்த்தோம். ஆளுக்கொரு நகல். என்னுடையது அலமாரியில் இருக்கிறது. அவனுடையதை எங்கே வைத்தான் என்று சாயங்காலத்திலிருந்து தேடிக்கொண்டிருக்கிறான்.