பதினேழுக்கு அடியில் இருந்த பொறி

வெடிகுண்டு நிபுணர் என்றதும் சிவப்புக் கம்பியை வெட்டுவதா, நீலக் கம்பியை வெட்டுவதா என்று வியர்த்துக்கொட்டும் ஆள்தான் பலருக்கு நினைவு வரும். 1940-இல் பிரிட்டனில் இந்த வேலை பார்த்த ராணுவ அதிகாரிகள் முதலில் தேடியது ஒரு எண்ணை. ஜெர்மன் விமானக் குண்டின் ஃப்யூஸ், அதாவது குண்டை வெடிக்கவைக்கும் கருவி, மூக்கில் இருக்காது, விலாவில் இருக்கும். வட்டமான உலோகத் தலை, அதன்மேல் சின்ன வட்டத்துக்குள் ஒரு எண். சேற்றைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் படிக்க வேண்டும். 15 என்றால் விழுந்ததும் வெடித்திருக்க வேண்டியது, ஏதோ கோளாறில் நின்றுபோயிற்று. 17 என்றால் உள்ளே கடிகாரம். 50 என்றால் லேசாக அசைத்தாலும் வினைதான்.

எண் காட்டிக்கொடுக்காத ஒரு பொறியும் இருந்தது. அதைச் சேதமில்லாமல் வெளியே எடுத்து வந்தவர் ஸ்டூவர்ட் ஆர்ச்சர். படித்தது கட்டடக் கலை. போர் வந்ததும் ராணுவப் பொறியாளர்களின் ராயல் இன்ஜினியர்ஸ் படைப்பிரிவில் லெப்டினன்ட் ஆகி, தெற்கு வேல்ஸில் குண்டு அகற்றும் குழு ஒன்றுக்குப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது 25. அந்த நேரத்தில் இந்தத் தொழிலுக்குப் பாடப்புத்தகமே கிடையாது. போனவர்கள் திரும்பி வந்து சொன்னதுதான் பாடம்.

வேலையில் பெரும்பகுதி மண்வெட்டி வேலை. விழுந்த குண்டு பல அடி ஆழம் போய்விடும், அதுவும் நேராகப் போகாது. மண்ணுக்குள் வளைந்து, கடைசியில் பக்கவாட்டில் திரும்பிப் படுத்துக்கொள்ளும். துளைக்கு நேர் கீழே தோண்டினால் வெறும் மண்தான் கிடைக்கும், குண்டு சில அடி தள்ளிக் கிடக்கும். குழி சரியாமலிருக்கப் பலகை அடித்துக்கொண்டே இறங்க வேண்டும். சில இடங்களில் குண்டு ஆழத்திலேயே வெடித்து, மேலே ஒன்றும் தெரியாமல், கீழே ஒரு குகையை உண்டாக்கியிருக்கும். அந்தக் குகையில் கார்பன் மோனாக்சைடு தேங்கி நிற்கும். வெடிக்காத குண்டு என்று நினைத்துத் தோண்டிக்கொண்டு போனவன் உள்ளே விழுந்தால் வெளியே வர மாட்டான். தோண்டுகிற சப்பர்களும், அதாவது அந்தப் படைப்பிரிவின் சிப்பாய்களும், அதே குண்டின் தலைமாட்டில்தான் நின்றார்கள். வீரம் என்று பேசும்போது அதிகாரியை மட்டும் சொல்வது நியாயமில்லை. குண்டின் உடல் தெரிந்த பிறகு அவர்களை மேலே அனுப்பிவிட்டு அதிகாரி தனியாக இறங்குவார்.

அந்த ஃப்யூஸ்கள் மின்சாரத்தில் இயங்குபவை. குண்டைப் போடும்போது விமானத்திலிருந்து அதிலுள்ள கன்டென்சரில், அதாவது மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் உறுப்பில், மின்சாரம் ஏறும். 15 வகையில் தலையிலுள்ள இரண்டு பின்களையும் ஒரு சாவியால் அழுத்திப் பிடித்தால் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பிறகு பூட்டு வளையத்தைக் கழற்றி ஃப்யூஸை உருவலாம். 17-இல் இந்த வித்தை செல்லாது. அங்கே மின்சாரத்தின் வேலை கடிகாரத்தைக் கிளப்பிவிடுவதோடு சரி. அது 72 மணி நேரம் வரை ஓடக்கூடியது என்பதால் நான்கு நாள், அதாவது 96 மணி நேரம், கிட்டே போகாமல் காத்திருப்பது வழக்கமாயிற்று. ரயில் பாதையோ தொழிற்சாலையோ என்றால் காத்திருக்க வழியில்லை. வளையத்தைக் கழற்றி, ஃப்யூஸ் தலையில் கயிறு கட்டி, தூரத்தில் மறைவாக நின்று இழுப்பார்கள்.

இழுத்தபோது சில குண்டுகள் வெடித்தன. கையால் உருவப் போன அதிகாரிகள் சிலர் மாண்டார்கள். 17-க்கு அடியில், ஃப்யூஸ் உட்கார்ந்திருக்கும் அதே குழாய்க்குள், வேறொன்று ஒளிந்திருக்கிறது என்று சந்தேகம் எழுந்தது. சந்தேகத்தை நிரூபிக்கத்தான் வழியில்லை. அந்தப் பொறி வேலை செய்தால் பொறியும் மிஞ்சாது, பார்த்தவனும் மிஞ்சமாட்டான்.

1940 செப்டம்பர் 2. ஸ்வான்சீ அருகே லாண்டார்சி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. தொட்டிகள் எரிந்துகொண்டிருந்தன, வெடிக்காத குண்டுகள் நான்கு கிடந்தன. நான்கு நாள் காத்திருக்கும் பேச்சுக்கே இடமில்லை. ஆர்ச்சர் கைவைத்த குண்டின் உடல் விழுந்த வேகத்தில் பிளந்திருந்தது. ஃப்யூஸை மேலே இழுக்காமல், பிளவு வழியே கையை விட்டு வெடிமருந்தைத் தோண்டி எடுத்தார். பக்கத்தில் எண்ணெய் எரிய, மணிக்கணக்கில் இந்த வேலை. மருந்து போன பிறகு ஃப்யூஸ் உட்கார்ந்திருந்த குழாயையே அசைத்துப் பிடுங்கினார். மேலே 17, அடியில் என்னவோ அது, இரண்டும் சேர்ந்தாற்போல் கையோடு வந்தன.

பிரித்துப் பார்த்தபோது விஷயம் எளிமையாகத்தான் இருந்தது. ஒரு சுருள்வில், அதன் முனையில் ஒரு ஊசி, தடுத்து நிற்க குண்டுமணி மாதிரி ஒரு சின்ன உலோக உருண்டை. விழுகிற அதிர்ச்சியில் உருண்டை விலகிவிடும். அதன்பிறகு ஊசியைப் பிடித்து வைத்திருப்பது மேலேயிருக்கும் ஃப்யூஸின் உடல் மட்டுமே. ஃப்யூஸை ஓர் அங்குலம்கூட உயர்த்த வேண்டியதில்லை, ஊசி பாய்ந்துவிடும். ஜெர்மானியர்கள் இதற்கு வைத்த பெயர் சுஸ் 40. ஊரை அழிக்க ஏற்கெனவே குண்டு இருக்கிறது. இந்தப் பொறியின் குறி குண்டைக் கழற்ற வருகிறவன் ஒருவன்தான்.

என்னைக் கேட்டால் அன்றைக்கு ஆர்ச்சர் காப்பாற்றிய தொட்டிகளைவிட அந்தக் குழாய் பெரிது. அது கிடைத்த பிறகு 17-ஐ உருவுகிற முறையே தலைகீழானது. கனமான மின்காந்தத்தைக் குண்டின்மேல் ஏற்றிக் கடிகாரத்தை நிறுத்தி, ஸ்டெதஸ்கோப்பில் காது வைத்துக் கேட்டுக்கொண்டே, உடலில் துளை போட்டு நீராவியைச் செலுத்துவார்கள். உள்ளே இருக்கும் டி.என்.டி. வெடிமருந்து சுமார் 80 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், மருந்து கஞ்சி மாதிரி வழிந்து வெளியே வரும். ஃப்யூஸ் இருந்த இடத்திலேயே இருக்கும். டிக் சத்தம் மறுபடி கேட்டால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓட வேண்டியதுதான்.

எதிராளியும் சும்மா இருக்கவில்லை. 1943 ஜனவரியில் ஒய் என்ற எழுத்துப் பொறித்த ஃப்யூஸ் வந்தது. உள்ளே பேட்டரியும் பாதரசச் சுவிட்சுகளும், குண்டைப் புரட்டினால் போதும். அதற்குத் திரவ ஆக்சிஜனால் குளிரவைத்துப் பேட்டரியைச் சாகடிப்பது தீர்வாயிற்று. மறுபடி சூடேறினால் பேட்டரிக்கு உயிர் வந்துவிடும், அதனால் ஃப்யூஸ் வெளியே வரும்வரை குளிர் குறையவே கூடாது.

ஆர்ச்சருக்கு, வீரத்துக்கான பிரிட்டனின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஜார்ஜ் கிராஸ் 1941 செப்டம்பர் 30-இல் அறிவிக்கப்பட்டது. போர் முடிந்ததும் கட்டடங்கள் வரையப் போனார். 2015 மே மாதம் இறந்தபோது அவருக்கு வயது நூறு.